ஆயிரம் ரூபாயும் அஞ்சு வட்டியும்



ரமலான் நெருங்கும்போது நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் திருப்பூர் நகரத்து மனுக்களைப் படித்தவுடன் தேவை புரிந்துவிடும். வாடகை பாக்கி, ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று காரணம் எழுதியிருக்கும். குண்டடம், மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் மனுக்கள் வேறு மாதிரி. இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கும்; அல்லது சொந்த நிலமே இல்லாமல் குத்தகைக்கு உழுவார்கள். நாலைந்து வெள்ளாடு இருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனி வண்டி ஏறி பனியன் வேலைக்குப் போய்வருவார். மனுவில் "உதவி தேவை" என்று மட்டும் இருக்கும். உட்கார வைத்துப் பேசினால் பேச்சு கடைசியில் வட்டிக் கடனில் வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இன்று அரசிடமிருந்து தவறாமல் ஏதோ ஒரு தொகை வங்கிக் கணக்கில் விழுகிறது. அதைப் பற்றி நம் மஹல்லாக்களில் இரண்டு பேச்சு கேட்கிறோம். "ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடப் போகிறது" என்பது ஒன்று. "சும்மா பணம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. ஒன்றுமே ஆகாத பணம் எப்படி ஒருவரைச் சோம்பேறி ஆக்கும் என்று கேட்டால் பதில் வராது. ஜகாத், ஸதகா கொடுக்கும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் அரசியல் பேச்சு அல்ல. நாம் கொடுக்கும் பணமும் இதே வீடுகளுக்குத்தான் போகிறது. அந்த வீட்டுக்குள் பணம் என்ன செய்கிறது என்று தெரிந்தால் எப்படிக் கொடுப்பது என்பதும் தெரியும்.

முதலில் எந்தெந்தப் பணம் என்று பார்த்துவிடுவோம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய். தொடங்கியபோது சுமார் 1 கோடியே 6 லட்சம் குடும்பத் தலைவிகளுக்கு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள் என்று விதி வைத்தார்கள். மானாவாரிக் காட்டுக்காரர்களில் பெரும்பாலோர் அந்த நில வரம்புக்குள் வந்துவிடுவார்கள். அடுத்தது மத்திய அரசின் பி.எம். கிசான். 2019-ல் தொடங்கிய இத்திட்டத்தில் நிலம் தன் பெயரில் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய், ஆண்டுக்கு 6,000. வீட்டில் முதியவர் இருந்தால், எல்லோரும் "ஓ.ஏ.பி. பணம்" என்று சொல்லும் ஓய்வூதியம், அது 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து 1,200 ஆனது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000.

பெரிய தொகை எதுவும் இல்லை. ஆனால் விவசாயக் குடும்பத்தின் வருமானம் எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்கள். நகரத்தில் பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சனிக்கிழமை சம்பளம். மானாவாரிக் காட்டில் சோளமோ மக்காச்சோளமோ போட்டவருக்கு அறுவடையில்தான் பணம். மழை தவறினால் அதுவும் இல்லை. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது விதைச் செலவுகூடத் திரும்பாமல் நின்ற வீடுகள் உண்டு. நடுவில் உள்ள மாதங்களில் காய்ச்சல் வரும், கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும், பள்ளிக்கூடம் திறக்கும். அந்த நாள் கையில் பணம் இல்லை என்பதால் வாங்கும் இரண்டாயிரம், மூவாயிரம்தான் பிற்பாடு இருபதாயிரம் ஆகிறது. வறுமை என்றால் வருமானம் குறைவு என்று மட்டும் நினைக்கிறோம். எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதும் வறுமைதான். பதினைந்தாம் தேதி ஆயிரம் ரூபாய் நிச்சயம் என்று தெரிந்தால் மளிகைக் கடைக்காரர் பற்று எழுதத் தயங்க மாட்டார். இரண்டாயிரத்துக்காக வட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போகவும் வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் பக்கத்துக் கிராமங்களில் 2011-லும் 2012-லும் சேவா என்ற பெண்கள் தொழிற்சங்கம் யுனிசெஃப் நிதியுடன் ஒரு முயற்சி செய்தது. எட்டுக் கிராமங்களில் இருந்த ஒவ்வொருவருக்கும் எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். பெரியவருக்கு 200 ரூபாய், பிள்ளைக்கு 100. பிறகு அது 300, 150 ஆனது. பிள்ளைகளின் பங்கு தாயிடம் கொடுக்கப்பட்டது. பணம் கொடுக்கப்படாத வேறு கிராமங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். தனியாக ஒரு பழங்குடிக் கிராமத்திலும் இதைச் செய்தார்கள். பணம் வந்த கிராமங்களில் பிள்ளைகளின் எடை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் எடை, முன்னேறியது. பள்ளிக்குப் போவது கூடியது. ஆடு, கோழி வாங்கினார்கள். நமக்கு முக்கியமானது இன்னொன்று: அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சிறு விவசாயிகள் தங்கள் சொந்தக் காட்டில் கூடுதல் நாள் வேலை செய்யத் தொடங்கினார்கள். விதைக்கும் உரத்துக்கும் கையில் பணம் இருந்தது. இன்றைய சாப்பாட்டுக்கு இன்றே கூலி வேண்டும் என்ற நெருக்கடி குறைந்தது. மழை பெய்த மறுநாள் பிறர் காட்டுக்கு ஏர் ஓட்டப் போனால் தன் காட்டு ஈரம் காய்ந்துபோகும். இது விவசாயம் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

குடிக்கு செலவாகுமே என்ற கேள்வி உடனே வரும். நியாயமான பயம்தான். 2014-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண உதவி கிடைத்த குடும்பங்களில் மது, புகையிலைச் செலவு கூடவில்லை. சில இடங்களில் குறைந்தது. சோம்பேறித்தனத்துக்கும் இதே பதில்தான். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தோனேசியா, மொராக்கோ உள்ளிட்ட ஆறு நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்தார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நம் ஊரிலேயே குடிகாரக் கணவன் மனைவியின் பணத்தைப் பிடுங்கும் வீடுகள் இல்லாமல் இல்லை. அந்த வீடுகளுக்கு வேறு உதவி வேண்டும். அவர்களைக் காட்டி மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது சரியல்ல.

இனி வட்டிக்கு வருவோம். நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதியதே இதற்காகத்தான்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய் கடன். அஞ்சு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். வருடத்துக்கு 60 சதவீதம் என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். "அஞ்சு வட்டி" என்று சொன்னால் சாதாரணமாகக் காதில் விழுகிறது. அதிக வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அஞ்சு வட்டியும் பத்து வட்டியும் ஒழியவில்லை. 20,000-க்கு மாத வட்டி சரியாக 1,000 ரூபாய். பதினைந்தாம் தேதி அந்தக் குடும்பத் தலைவிக்கு வரும் 1,000 ரூபாய் பதினாறாம் தேதி வட்டிக்காரரிடம் போய்விடுகிறது. ஒரு வருடம் கழித்தும் கடன் 20,000. ஐந்து வருடம் கழித்து 60,000 ரூபாய் கட்டியிருப்பார்கள். கடன் அப்போதும் 20,000. அரசாங்கம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது அவர் பெயரில் வட்டிக்காரருக்குப் போன உதவித்தொகையாகிவிட்டது. ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்த வீட்டைப் பொறுத்தவரை பதில் கிடைத்துவிட்டது: ஒன்றும் ஆகவில்லை.

இதே வீட்டில் காடு சொந்தப் பெயரில் இருந்து பி.எம். கிசான் பணமும் வந்தால், சராசரியாக மாதம் 500 கூடுகிறது. மாதம் 1,500 கட்ட முடிந்து, வட்டிக்காரரும் மிச்சத்தை முதலில் கழித்துக்கொண்டால், 23 மாதத்தில் கடன் தீரும். அந்த ஐந்நூறுதான் வித்தியாசம். ஆனால் பெரும்பாலான வட்டிக்காரர்கள் முதலைச் சிறுகச் சிறுக வாங்குவதில்லை. "முழுசா கொண்டு வா, பத்திரத்தை வாங்கிக்கோ" என்பார்கள். வட்டி தொடர்ந்து வருவதில்தான் அவர்களுக்கு லாபம்.

இப்போது மூன்றாவது வழியைப் பாருங்கள். ஒரு அறக்கட்டளையோ பைத்துல்மாலோ அந்த 20,000 ரூபாயைக் கர்ழே ஹஸனா என்னும் அழகிய கடனாக, ஒரு பைசா வட்டியில்லாமல், ஒரே தடவையில் கொடுத்து வட்டிக் கடனை அடைத்துவிடுகிறது. அந்தக் குடும்பம் பதினைந்தாம் தேதிப் பணத்தை, அதே 1,000 ரூபாயை, மாதாமாதம் திருப்பிக் கட்டுகிறது. 20 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். இருபத்தொன்றாம் மாதம் ஆயிரம் ரூபாய் அந்த வீட்டிலேயே இருக்கும். அறக்கட்டளையின் 20,000-மும் திரும்பி வந்துவிடும்; அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கலாம். வருமானம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. வட்டி நின்றது, அவ்வளவுதான். தமிழகத்தின் பல முஸ்லிம் ஊர்களில் பைத்துல்மால்கள் நகையை அடமானமாக வாங்கி வட்டியில்லாக் கடன் கொடுத்துவருகின்றன. நகை இல்லாத வீட்டுக்கு இந்த மாத வருமானமே நம்பிக்கை. கடன் வாங்குபவர் எதை வைத்துக் கட்டுவார் என்று முன்பெல்லாம் தயங்க வேண்டியிருந்தது. இப்போது தேதியோடு வரும் ஒரு தொகை இருக்கிறது.

அரசுப் பணம் ஒரு மாதம் நின்றுபோனால்? வீட்டில் மரணம், மழை இல்லை என்றால்? சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்க அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்லும் அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் கடன்பட்டவர்களும் ஒரு வகை. உண்மையிலேயே கட்ட இயலாமல் போனவரின் கடனுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. ஒன்று மட்டும் கூடாது. கடன் கொடுத்த உரிமையில் அந்தப் பெண்ணின் ஏ.டி.எம். கார்டையோ பாஸ்புக்கையோ நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அது வட்டிக்காரர்கள் செய்யும் வேலை.

கடன் இல்லாத வீட்டில் மாதப் பணம் செய்யும் வேலை இன்னும் அழகானது. அது விற்பதற்குக் காத்திருக்கும் தெம்பைக் கொடுக்கிறது. நாம் எல்லோரும் பக்ரீத்துக்குக் கிடா வாங்குகிறோம். விலையைப் பார்த்துப் பெருமூச்சும் விடுகிறோம். அந்த விலை வளர்த்தவருக்குப் போனதா என்று கேட்டால், பல சமயம் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் பணம் இல்லாமல் பக்ரீத்துக்கு வெகு முன்பே பாதி வளர்ந்த கிடாவை வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்திருப்பார். மாதாமாதம் வரும் சிறு தொகையில் நோட்டுப் புத்தகச் செலவு ஓடினால் கிடா பெருநாள் வரை அவர் கொறங்காட்டிலேயே மேயும். சின்ன வெங்காயமும் அப்படித்தான். பட்டறை போட்டு இரண்டு மூன்று மாதம் வைத்திருக்க முடிந்தவருக்கு விலை ஏறும்போது விற்க ஒரு வாய்ப்பு உண்டு. அறுத்த அன்றே களத்தில் விற்பவர் அன்றைய விலைக்குக் கட்டுப்பட்டவர். வெங்காய விலை ஏறாமல் விழுவதும் உண்டு. ஆனாலும் காத்திருக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை விவசாயிக்கு வேண்டும்.

நம் பகுதியில் பெண் பிள்ளைகள் விஷயமும் இதோடு சேர்ந்தது. நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பெண்ணை மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்க வைத்து வேலை வாங்குவார்கள். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனது உண்டு. 2011-ல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் இந்த நிலை உலகத்துக்கே தெரிந்தது. பெற்றவர்கள் ஏன் அனுப்பினார்கள்? மொத்தமாக ஒரு தொகையைச் சேர்க்க அந்த வீடுகளுக்கு வேறு வழி தெரியவில்லை. வரதட்சணை, கைக்கூலி என்று கேட்பவர்கள் இருக்கும் வரை அந்தத் தொகைக்குத் தேவையும் இருக்கும். இதில் நம் சமுதாயமும் கை கழுவிவிட முடியாது. பன்னிரண்டாவது முடித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 வருவது கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் "பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் உன் பணமே இருக்கிறது, போய்ப் படி" என்று ஒரு தாய் சொல்ல அது போதும். அம்மாவுக்கு வரும் ஆயிரம் வட்டிக்குப் போகாமல் இருந்தால் இன்னும் தைரியமாகச் சொல்வார்.

மாதாமாதம் கொடுப்பது நல்லதா, மொத்தமாகக் கொடுப்பது நல்லதா? இதற்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் சில கிராமங்களுக்கு 12 வருடம் மாதாமாதம், சில கிராமங்களுக்கு 2 வருடம் மட்டும் மாதாமாதம், சில கிராமங்களுக்கு ஒரே தடவையில் மொத்தமாக என்று பணம் கொடுத்து ஒப்பிடுகிறது. மொத்தமாகப் பெற்றவர்கள் கடை, சிறுதொழில் என்று அதிகம் தொடங்கினார்கள் என்று 2023 கடைசியில் வெளியான முடிவுகள் சொல்கின்றன. 2 வருடம் மட்டும் என்று மாதாமாதம் பெற்றவர்கள் இதில் பின்தங்கினார்கள். 12 வருடம் வரும் என்று தெரிந்தவர்களோ தங்களுக்குள் சீட்டுச் சேர்ந்து, மாதப் பணத்தை மொத்தப் பணமாக மாற்றிக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் இதுதான். வெகுநாள் வரும் என்ற உறுதி இருந்ததால்தான் ஒருவரை ஒருவர் நம்பிச் சீட்டுப் போட முடிந்தது. எங்கள் முடிவு இது: கடன் அடைக்கவும் ஆடு வாங்கவும் மொத்தத் தொகை, புதுக்கடன் வராமல் காக்க மாதத் தொகை.

நம் ஜகாத் விநியோகத்தில் இரண்டுமே குறைவு. ரமலான் கடைசிப் பத்தில் 500 ரூபாய் உறைகள் நூற்றுக்கணக்கில் போகின்றன. வாங்க வரும் மூலனூர்ப் பெண்மணிக்குப் பஸ்ஸிலும் வரிசையிலும் ஒரு நாள் கழிகிறது, அன்றைய கூலி போகிறது, நோன்பு வேறு. கையில் கிடைத்த 500 பெருநாள் செலவோடு கரைந்துவிடும். பெருநாளுக்கு அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஃபித்ராவின் நோக்கமும் அதுதான். ஆனால் ஜகாத் முழுவதும் இப்படியே போனால், ஷவ்வாலில் அந்த வீடு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும்.

மாதாமாதம் ஜகாத் கொடுக்கலாமா என்று பல சகோதரர்கள் கேட்கிறார்கள். ஜகாத் கடமையான பின் காரணமின்றித் தாமதிக்கக் கூடாது. ஆகவே இந்த ரமலானில் கடமையானதை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு இழுத்துக் கொடுப்பது சரியாகாது. ஆனால் நிஸாப் அளவு செல்வம் உள்ளவர், அடுத்த ஆண்டுக்குரிய ஜகாத்தை ஆண்டு முடியும் முன்பே முன்கூட்டிக் கொடுத்துவரலாம். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் இதை அனுமதிக்கின்றன. ஷவ்வாலிலிருந்து மாதம் ஒரு தொகை என்று கொடுத்துவந்து, அடுத்த ரமலானில் கணக்குப் பார்த்துக் குறைவதைச் சேர்த்துவிடலாம். விவரத்துக்கு உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ நூல்களில், தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழில் கருவியை வாங்கும் அளவுக்குக் கொடுப்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. முஸ்லிம் அல்லாத பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஸதகாவிலிருந்து உதவலாம். அழகிய கடனும் கொடுக்கலாம்.

நிபந்தனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. குழந்தைகளுக்குப் பால் மறந்த பிறகுதான் தொகை என்று ஒரு விதி இருந்தது. ஒரு இரவு மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருப்பதைக் கேட்டார்கள். விசாரித்தபோது, உதவித்தொகை கிடைக்கட்டும் என்று தாய் அதற்கு முன்னதாகவே பாலை மறக்கடிக்க முயல்வது தெரிந்தது. பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குத் தொகை உண்டு என்று உடனே விதியை மாற்றினார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கொடுக்கும் இடத்தில் எழுதும் ஒரு வரி, வாங்கும் வீட்டில் ஒரு குழந்தையின் பாலைப் பறித்தது. ஜகாத் படிவத்தில் நாம் கேட்கும் சான்றுகளையும் நிபந்தனைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அரசுப் பணத்தில் இப்படி நிபந்தனையால் விழுபவர்களில் முதல் ஆள் குத்தகை விவசாயி. உழுவது அவர், பி.எம். கிசான் பணம் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. இதை நம்மால் மாற்ற முடியாது. மாதம் 500 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு ஜகாத்தில் ஒதுக்க விரும்புபவர்கள் முதலில் இவர்களை நினைக்கலாம்.

இரண்டாவது ஆள், நன்னா பெயரில் பட்டா கிடக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர் இறந்து இருபது வருடம் ஆகியிருக்கும். பாகம் பிரித்திருக்க மாட்டார்கள். பி.எம். கிசானுக்கு 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் தன் பெயரில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் பின் வாங்கிய நிலம் சேராது. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசாக வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துப் பட்டாவை மாற்றுங்கள். அப்போது சகோதரிகளின் பங்கை விட்டுவிடாதீர்கள். அது அல்லாஹ் விதித்த பங்கு. விதவையாகப் பிறந்த வீடு திரும்பிய சகோதரிக்கு அந்த அரை ஏக்கர்தான் நாளை ஆதாரம்.

மூன்றாவது, காகிதக் கோளாறு. ஆதார் எண் வங்கிக் கணக்கோடு இணையாமல், இ-கே.ஒய்.சி. முடிக்காமல் தவணை நின்றுபோன வீடுகள் நிறைய. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல் திரும்பும் முதியவர்களும் உண்டு. ஓ.டி.பி. வழியாகவோ முகப் பதிவு வழியாகவோ முடித்துத் தரப் படித்த பிள்ளைகள் உதவலாம். மகளிர் உரிமைத் தொகையின் முதல் தவணை வந்த 2023 செப்டம்பரில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிலேயே பிடித்துக்கொண்டன. அப்படிச் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை வெளியிட்டார். உங்கள் கணக்கு குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத கணக்கா என்று வங்கியில் கேட்டு, இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆதரவற்ற பெண்கள், விதவைகளுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. அங்கும் மனுக் கொடுக்கலாம்.

இந்த ஷஅபானில் மனுக் கொடுக்க வரும் கிராமத்துச் சகோதரிகள் மூன்று விவரம் கொண்டு வந்தால் போதும்: யாரிடம் எவ்வளவு கடன், மாத வட்டி எவ்வளவு, பதினைந்தாம் தேதிப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது. நேரில் வர முடியாதவர்கள் தங்கள் ஊர் ஜமாஅத் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு திருப்பூர் வரை வர வேண்டியதில்லை.